வாடையோடு வாறவையை ஆர் எண்ணினது?

2025 செப்ரெம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். அது கண்டலும் சதுப்பும் சேர்ந்த இடம், வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற இடம் என்று சூழலியல் ஆர்வலர்கள் மறுப்புச் சொன்னார்கள். எங்களுக்குள்ளேயே இதில் ரெண்டு பக்கம் இருக்கு. யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு ஒரு நல்ல மைதானம் வேணும் என்பதை நானும் மறுக்கமாட்டேன். மைதானம் சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு உறைத்தது வேறொன்று.

"பறவையள் வாற இடம்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும். என்ன பறவை? எத்தினை? எந்த மாதம்? எத்தினை வருசமா? மண்டைதீவை விடுங்கள், வேலணைக்கோ ஊர்காவற்றுறைக்கோ நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ இந்தக் கேள்வியைக் கேட்டால் எடுத்துக் காட்ட எங்கட கையில் ஒரு கொப்பி கூட இல்லை. பறவை இல்லாமல் இல்லை. பண்ணைப் பாலத்தால் மாரியில் போய்வருகிற எவருக்கும் அது தெரியும். எண்ணி எழுதி வைத்த ஆட்கள்தான் இல்லை. ஏன் இல்லை என்று பார்க்கப்போனால் அது முந்நூறு வருசத்துக் கதையாக நீள்கிறது.

முதலில் வருகிறவை ஆரென்று சொல்லிவிடலாம். சோளகம் ஓய்ந்து வாடை எழும்புகிற ஒக்ரோபர், நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இவை நிற்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற தாரா இனங்கள், சின்னதும் பெரிசுமாய் பலவகை உள்ளான்கள், மூக்கன்கள், ஆலாக்கள், கடற்புறாக்கள். இவற்றோடு நண்டைத் தேடித் தின்கிற கறுப்பு வெள்ளை நண்டுண்ணியும் கூட்டமாய் நிற்கிற பூநாரையும். சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் தெற்கே இறங்குகிற பாதையின் கடைசி நிலம் இலங்கைதான். இதற்கப்பால் தென்துருவம் வரை பெருங்கடல். இந்தியக் கரையை விட்டுக் கடல் தாண்டுகிறவற்றில் ஒரு பங்கு மன்னாரிலும் யாழ்ப்பாணக் களப்பிலும்தான் கால் வைக்கிறது. களப்பு ஆழமில்லாத பரவைக்கடல். மாரி மழை விட்டுத் தண்ணீர் வற்றத் தொடங்குகிற தையில் சேறு வெளியே தெரியும். புழு, இறால் குஞ்சு, நண்டு எல்லாம் அந்தச் சேற்றில்தான். அதே மாதங்களில் வேலணை, சரவணைப் பக்கம் மானாவாரி வயல்களிலும் தண்ணீர் நிற்கும். கொக்கும் நாரையும் அங்கேயும் இங்கேயும் மாறிமாறிப் போகும்.

எழுத்தில் இந்தக் கதை ஒல்லாந்தரோடு தொடங்குகிறது. எங்கட தீவுகளுக்குத் தங்கட ஊர்ப் பெயர்களை வைத்தவர்கள் அவர்கள். வேலணைத்தீவு லைடன், காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். கடைசிப் பெயர் மட்டும் இன்றுவரை கடதாசிகளில் ஒட்டிக்கொண்டிருக்கு. 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டன், இலங்கையிலேயே பிறந்த பீற்றர் கோர்னேலிஸ் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். லோட்டன் தேன்சிட்டு என்ற பெயர் அந்த ஆளுநருடையதுதான். அந்த ஓவியங்களில் ஒரு பங்கு இப்போது ஒல்லாந்தின் ஹார்லெம் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயரை நயினாதீவுக்கு விட்டுவிட்டு, படங்களை மற்ற ஹார்லெமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆட்சிக்குப் பறவை இன்னொரு வகையிலும் உதவியது. நெடுந்தீவில், ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லப்படுகிற புறாக்கூடு இன்னும் நிற்கிறது. சுற்றிவரப் பொந்து பொந்தாய்க் கட்டிய கூடு. கோட்டைகளுக்குச் சேதி அனுப்பப் புறா வளர்த்த இடம் என்பது ஊர் வழக்கு. சுற்றுலா வாறவை குதிரையையும் பெருக்கு மரத்தையும் பார்த்துவிட்டு இதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு நெடுந்தீவில் ஆகப் பிடித்த கட்டடம் இதுதான். பறவையை அரசாங்கம் எதற்காகப் பார்த்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமுடியாது.

ஆங்கிலேயர் காலத்தில் பறவை பார்ப்பது என்றால் துவக்கால் சுட்டுப் பார்ப்பது. தூரக்கண்ணாடிகள் நல்லாக இல்லாத காலம், கையில் பிடித்து அளந்தால்தான் இனம் நிச்சயம். பருத்தித்துறையிலும் உத்தியோகம் பார்த்த எட்கார் லேயார்ட் 1853, 54 இல் இலங்கைப் பறவைகள் பற்றித் தொடர்ச்சியாகக் குறிப்புகள் எழுதினார். பீரங்கிப் படை அதிகாரியான வின்சென்ற் லெக் 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெரிய புத்தகம் இன்றைக்கும் அடிப்படை நூல். லெக் ஒரு நல்ல வேலையும் செய்தார். பறவையின் ஆங்கிலப் பெயருக்குக் கீழே சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே பதிந்தார். அந்தத் தமிழ்ப் பெயர்கள் ஆகாயத்திலிருந்து விழுந்திருக்காது. களப்பில் கூடப் போனவன், வள்ளம் தாங்கினவன், சுட்ட பறவையைச் சேற்றில் இறங்கி எடுத்து வந்தவன் சொன்ன பெயர்கள். அவன்ர பெயரைப் புத்தகத்தில் தேடவேண்டாம்.

சொன்னவனுக்குத் தெரிந்தது கொஞ்சமில்லை. தமிழில் பறவைப் பெயர்களே ஒரு களக்குறிப்புத்தான். பெரிய வளைந்த அலகுள்ள கரைப்பறவைக்குக் குதிரைமலைக் கோட்டான் என்று பெயர். வில்பத்துக் கரையில் குதிரைமலையை அறிந்த எங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் ஒரு கரையும் சேர்ந்து நினைவுக்கு வரும். சத்திமுற்றப் புலவர் தூது விட்ட நாரையும் பெட்டையோடு தெற்கே குமரி வரை வந்து வடக்கே திரும்புகிறது. வலசை என்ற விசயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன் அலகை அவர் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். ஒடியலுக்குக் கிழங்கு பிளக்கிற எங்கட ஊர்களில் இந்த உவமைக்கு உரை எழுதத் தேவையில்லை. கொக்குவில், கொக்கிளாய், சரசாலைக் குருவிக்காடு என்று ஊர்ப்பெயர்களிலும் பறவை குந்திக்கொண்டிருக்கு.

தீவகத்தில் வாடை என்பது காற்றுக்கு மட்டுமல்ல, வாழ்க்கைக்கும் பெயர். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் நெடுந்தீவுக் கரையில் நடப்பது. அந்தப் பருவத்துக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்து திரும்புகிற மீனவரின் கதை. எங்கட இலக்கியம் அந்தப் போக்குவரத்தை மனிதர் பக்கத்திலிருந்து எழுதிவிட்டது. பறவைப் பக்கத்தை எழுதும் வேலை கொழும்பில் நடந்தது. 1943 இல் சிலோன் பறவைக் கழகம், 1955 இல் ஜி. எம். ஹென்றியின் கையேடு, 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இலங்கைக் களப் பறவையியல் குழு. நல்ல வேலைகள்தான். ஆனால் எல்லாம் வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற வேலைகள்.

பிறகு யுத்தம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இல் தொடங்கியது. ஒவ்வொரு தை மாதமும் பல நாடுகளில் தன்னார்வலர்கள் ஒரே காலத்தில் நீர்நிலைகளில் நின்று எண்ணுவது. அந்த வருசம் வடமராட்சியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' நடந்த வருசம். அதற்கு ரெண்டு வருசம் முன்பு, 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து குமுதினிப் படகில் போன சனம் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டது. 1990 க்குப் பிறகு தீவகத்தின் கரைகள் கடற்படையின் கைக்குப் போயின, சனம் இடம்பெயர்ந்தது. நாட்டின் மற்றப் பக்கங்களில் எண்ணிக்கை வருசா வருசம் சேர்ந்துகொண்டு போக, வடக்கில் பெரும்பகுதி வெற்றுப் பக்கம். தூரக்கண்ணாடியோடு கரையில் நின்று கடலைப் பார்க்கிற ஒரு தமிழ்ப் பெடியனை அந்தக் காலத்தில் எந்தத் தரப்பும் பறவை பார்க்கிறவன் என்று நம்பியிராது. மனுசரைக் கண்டால் கத்திக் காட்டிக் கொடுக்கிற பறவைக்கு எங்கட ஆட்கள் வைத்த பெயர் ஆட்காட்டி. யுத்த காலத்தில் அந்தச் சொல் ஆரைக் குறித்தது, அப்படிக் குறிக்கப்பட்டவைக்கு என்ன நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். இன்னமும் அந்தப் பறவையின் பெயரைச் சொல்லும்போது வயசுபோன ஆட்கள் ஒருகணம் தயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தபின் பாதுகாப்பு என்ற சொல் வர்த்தமானி வழியாக வந்தது. 1938 இலேயே சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015 யூனில் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. வடக்கில் 'சரணாலயம்' என்று கேட்டவுடன் சனம் முதலில் கேட்பது "எங்கட காணி போகுதோ?" என்றுதான். மாடு மேய்த்த தரவை, விறகு பொறுக்கின பற்றை, வலை காயப்போட்ட கரை ஒருநாள் திணைக்களத்துடையதாகிவிடும் என்ற பயம் கற்பனையிலிருந்து வந்ததில்லை. பறவைக்கு ஆதரவாகப் பேசுகிற எவரும் இந்தப் பயத்தைத் தாண்டிக் குதிக்கமுடியாது. எண்ணுகிற கையும் வேலி போடுகிற கையும் ஒன்றாயிருக்கும் வரை சனம் இரண்டையும் நம்பாது.

இந்த இடத்தில் மன்னாரைப் பார்க்கவேண்டும். வங்காலைச் சரணாலயம் 2008 இல் அறிவிக்கப்பட்டு 2010 இல் ராம்சார் பட்டியலுக்குப் போனது. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்புறாவுக்குக் கருவி பூட்டி 'மேகா' என்று பெயர் வைத்து விட்டார்கள். அது ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் பறந்து ரஷ்யாவின் வடக்கே யமால் வரை போனது. 2024 இல் அதானி காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டபோது, பறவைகளின் பாதை என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சாக இருக்கவில்லை. கையில் தரவு இருந்தது. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகியது. விலகியதற்கு மின்சார விலைப் பேச்சு பெரிய காரணம், பறவைகள் வென்றன என்று கொண்டாட இடமில்லை. ஆனாலும் வாதாட ஒரு அடித்தளம் இருந்தது.

தீவகத்துக்கு அது இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான காற்று, சூரிய மின்திட்டத்தை 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்து, இந்தியா முகம் சுளித்து, சீனா விலகி, கடைசியில் 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சூரியனில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530. மன்னாரோடு ஒப்பிட்டால் சின்னது. டீசல் இயந்திரத்தை நம்பி இருக்கிற தீவுச் சனத்துக்கு அது தேவை, நான் அதற்கு எதிரில்லை. ஆனால் அந்த மூன்று தீவிலும் எந்தக் கரையால் கூட்டங்கள் விடியற்காலை எழும்பிப் போகின்றன என்று அந்தந்த ஊர் ஆட்களே வருசக்கணக்கில் குறித்து வைத்திருந்தால், காற்றாடியை எங்கே நடுவது என்பதில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். டெல்லிக்கும் பீஜிங்குக்கும் இடையிலான பேச்சில் நெடுந்தீவுக்கே குரல் இல்லை, நெடுந்தீவு மூக்கனுக்கு எங்கே வரும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டியதுதான்.

எண்ணுவது பெரிய வித்தை இல்லை. கூட்டத்தில் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, பிறகு பத்துப் பத்தாக, கூட்டம் பெரிசென்றால் நூறு நூறாகக் கண்ணை நகர்த்துவது. ரெண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் இன்னும் நல்லம். திகதி, நேரம், இடம், காற்று, தண்ணீர் மட்டம் எழுதவேண்டும். இனம் தெரியாதவற்றை 'சின்ன உள்ளான்' என்று எழுதினாலே போதும், பிழையான பெயரைவிட அது பெறுமதி. ஒன்றுமில்லாத நாளில் 'இல்லை' என்று எழுதுவதும் கணக்குத்தான். பண்ணைப் பாலத்தில் காலை ஆறரைக்கு மேற்கே பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு கானல் எழும்பி எல்லாம் ஆடத் தொடங்கிவிடும். குறிகட்டுவானுக்குப் போகிறவர்கள் வேலணை - புங்குடுதீவுப் பாலத்தில் ஒருக்கால் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டலாம். தை இரண்டாம், மூன்றாம் கிழமைகள் திறம். அப்போதுதான் மற்ற நாடுகளிலும் எண்ணுவார்கள்.