குதிரைவீரனும் சம்பளக்காரனும்

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழிப் பள்ளியில். ராஜாவுக்குக் கீழே பிரபு, பிரபுவுக்குக் கீழே குதிரைவீரன், எல்லோருக்கும் கீழே குடியானவன் என்று ஐரோப்பிய சரித்திரத்தை மனப்பாடம் செய்தோம். அந்தக் குதிரைவீரனுக்குப் பெயர் 'செவாலியே'. குதிரை என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. 1995-இல் பிரெஞ்சு அரசு சிவாஜி கணேசனுக்கு அந்தப் பட்டம் கொடுத்தபோதுதான் அது நம்மூரில் எல்லார் வாயிலும் புகுந்தது.

ஓய்வு பெற்றபின் ஜப்பான் சரித்திரம் படித்தேன். அங்கும் அதே ஏணிதான். ஷோகுன், அவருக்குக் கீழே டைமியோ என்னும் பிரபுக்கள், பிறகு சாமுராய். வாள், குலப்பெருமை, எஜமான விசுவாசம் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் 'சாமுராய்' என்றால் மூலப்பொருள் பணிவிடை செய்பவன். வேற்றுமை அங்கேதான் இருக்கிறது.

செவாலியே தன் இரு கைகளையும் பிரபுவின் கைகளுக்குள் வைத்துச் சத்தியம் செய்வான். ஆண்டுக்குச் சுமார் 40 நாள் போர்ச்சேவை செய்வது வழக்கம். பதிலுக்கு மானியமாக நிலம் கிடைக்கும். நாளடைவில் அது வாரிசுச் சொத்தாகிவிட்டது. 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரெஞ்சுப் பிரபுக்களின் சிறப்புரிமைகள் பறிபோயின. ஆனாலும் பல குடும்பங்களுக்குச் சொந்த நிலம் மிஞ்சியது.

சாமுராயும் ஆதியில் நிலத்தோடு இருந்தவன்தான். 1600-க்குப் பிறகு, சண்டையில்லாத காலத்தில், பெரும்பாலோரைக் கோட்டை நகரங்களில் குடியேற்றிச் சம்பளமாக அரிசி அளந்தார்கள். அளவுக்குப் பெயர் 'கொக்கு'. ஒரு கொக்கு சுமார் 150 கிலோ, ஓர் ஆளுக்கு ஒரு வருஷச் சாப்பாடு என்று கணக்கு. இடுப்பில் இரண்டு வாள், செய்வதோ கணக்கெழுதும் வேலை! வருமானம் போதாமல் அரிசித் தரகர்களிடம் கடன் பட்டார்கள். கீழ்நிலை சாமுராய்கள் வீட்டில் குடை செய்து விற்றார்கள்.

1876-இல் புதிய அரசு அந்தச் சம்பளத்தையே நிறுத்தி, ஈடாகக் கடன் பத்திரம் கொடுத்தது. அதே ஆண்டு வாள் அணியவும் தடை வந்தது. வியாபாரத்தில் இறங்கிப் பணத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். 'சாமுராய் செய்த வியாபாரம்' என்று அங்கே ஒரு சொல்வழக்கே உண்டு. 1877-இல் சைகோ தகாமோரி தலைமையில் கலகம் செய்தவர்களை, கட்டாய ராணுவத்தில் சேர்ந்த குடியானவர் பிள்ளைகள் துப்பாக்கியால் தோற்கடித்தார்கள்.

இதைப் படித்த அன்று அப்பா நினைவுக்கு வந்தார். பாகூரில் இருந்த கொஞ்ச நிலத்தை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். "கவர்ன்மெண்ட் சம்பளம் வரும்போது நமக்கு நிலம் எதுக்குடா?" என்பார். அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஆனால் மாதக் கடைசியில் பென்ஷன் வரவாகிவிட்டது என்று வங்கியிலிருந்து செய்தி வரும்வரை எனக்குள் ஒரு சாமுராய் விழித்துக்கொண்டேதான் இருக்கிறான்.