பூசணத்தின் குலம்

பண்டத்தில் பூசணம் பூத்துவிட்டால், அழுகல் என்று தூர எறிகிறோம். அந்த அழுகலேதான் பூசணத்தைப் பெறுகிறது என்று ஐரோப்பியப் பண்டிதர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

அதை மறுத்தவர் பிளாரன்ஸ் நகரத்து மிக்கேலி. ஏழை, தாமே தாவர சாஸ்திரம் கற்றவர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்: காம்பின் தலையில் ஓர் உருண்டை; அதைச் சுற்றிச் சரம் சரமாகத் தூள். பாதிரிமார் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போலிருக்கவே, 'ஆஸ்பர்ஜில்லஸ்' என்று பெயரிட்டார். தூளை முலாம்பழத் துண்டுகளில் விதைத்தார். எந்தத் தூளோ, அந்தப் பூசணமே முளைத்தது. 1729-ல் நூலாக வெளியிட்டார். பூசணத்துக்கும் விதையுண்டு, குலமுண்டு என்றாயிற்று.

ஆனால் அந்தத் தூள், சேர்க்கையில்லாமலே உண்டாவது. ஆகவே இந்தக் குலத்தில் பலவற்றுக்குக் கல்யாணமே கிடையாது என்றார்கள். நோயால் மெலிந்தவர்களின் நுரையீரலில் புகுந்து உயிரைக் குடிக்கும் 'பியூமிகேட்டஸ்' அவற்றுள் ஒன்று. டப்ளின் நகரத்தில் பிடித்தவற்றில் ஜோடி சேரக்கூடிய இரு வகைகளை ஓட்ஸ் கூழில் இட்டு, இருட்டில் ஆறு மாதம் வைத்தார்கள். கூடிவிட்டன! 2009-ல் செய்தி வெளியாயிற்று.

வேடிக்கை மட்டுமில்லை. கூடிப் பிறக்கும் பிள்ளைக்கு இரு பக்கத்துக் குணமும் வரும். மருந்துக்கு அடங்காத குணமும் அதில் ஒன்றாகலாம். எதிரியின் குடும்பத்தை அறிய நமக்கு 280 வருஷம் பிடித்திருக்கிறது.