கசகசா விதையும் கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோலும்

கொஞ்சம் கசகசா, ஒரு சிட்டிகை மணல், ஒரே ஒரு தலைமுடி... இவற்றை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் அரசாங்கத்தின் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டினார் மாஜினி!

துண்டு துண்டாகக் கிடந்த இத்தாலியை ஒரே நாடாக்கத் துடித்த புரட்சிக்காரர் அவர். சொந்த மண்ணில் தலைகாட்ட முடியாமல், 1837-லிருந்து லண்டனில் அகதியாக வாழ்ந்தார். 1844-ல் அவருக்கு ஒரு சந்தேகம். தனக்கு வரும் கடிதங்களை வேறு யாரோ முதலில் படிக்கிறார்களோ? அரக்கு முத்திரை என்னவோ பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. அதனால், மாஜினியும் நண்பர்களும் கடிதங்களுக்குள் கசகசா, மணல், தலைமுடி என்று போட்டுத் தபாலில் அனுப்பிப் பார்த்தார்கள். கடிதம் வந்தது. கசகசா வரவில்லை!

அவ்வளவுதான், விஷயம் பார்லிமென்ட்டுக்குப் போய்விட்டது. 1844 ஜூனில் தாமஸ் டன்கோம்ப் என்ற உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்க, உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரஹாம் நெளிந்தார். கடிதங்களைப் பிரிக்க உத்தரவு போட்டதே அவர்தான்! ஊரே கொதித்தது. 'இதை கிரஹாம் பண்ணாதீர்கள்' என்று கவரின் மேலேயே எழுதிக் கேலி செய்தார்கள் மக்கள். பாவம், மந்திரியின் பெயரே ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது! தபால் துறைக்குள் காலம் காலமாக இயங்கிவந்த ரகசிய அலுவலகத்துக்கு அந்த ஆண்டே மூடுவிழா நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாஜினியால் திருட்டைப் பிடிக்க முடிந்ததற்குக் காரணம், காகிதக் கடிதத்தைப் பிரித்தால் ஏதாவது ஒரு தடயம் மிஞ்சும் என்பதுதான். நீங்களும் நானும் தினமும் அனுப்பும் ஈமெயிலுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. வழியில் யாராவது ஒரு பிரதி எடுத்துக்கொண்டால், அசல் அப்படியே உங்களிடம் வந்து சேரும். முத்திரை உடையாது. கசகசா கொட்டாது. கடைசிவரை உங்களுக்குத் தெரியவே தெரியாது!

இது எப்படி நேர்ந்தது?

1971-ல், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், ரே டாம்லின்சன் என்ற இன்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு முதல் ஈமெயிலை அனுப்பினார். முகவரியின் நடுவே இன்று நாம் போடுகிற 'அட்' குறி அவர் உபயம்தான். 1982-ல் ஜான் போஸ்டல் என்பவர், ஒரு சர்வர் அடுத்த சர்வரிடம் மெயிலை எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று விதிமுறைகளை எழுதினார். நல்ல விதிகள்தான், அவற்றின் அடிப்படையில்தான் இன்றும் மெயில் ஓடுகிறது. ஆனால், கடிதத்தை ஒட்டி மூடுவதைப் பற்றி அவற்றில் ஒரு வரிகூட இல்லை. அன்று நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக, ஆராய்ச்சிக்கூட ஆசாமிகள். யார் யாரைத் திருடப்போகிறார்கள்? ஆக, ஈமெயில் பிறக்கும்போதே போஸ்ட் கார்டாகத்தான் பிறந்தது.

இந்த போஸ்ட் கார்டுக்கு ஒரு கவர் செய்து கொடுத்தவர் ஃபில் ஜிம்மர்மேன். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த புரோகிராமர், அணு ஆயுத எதிர்ப்பாளர். 1991 ஜனவரியில், அப்போது செனட்டராக இருந்து பின்னாளில் அதிபரான ஜோ பைடன் ஒரு மசோதா கொண்டுவந்தார். சட்டப்படி கேட்டால் மக்களின் தகவல்களைப் படிக்கக்கூடிய வடிவில் அரசாங்கத்துக்குத் தர வழி இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வாசகம். எதிர்ப்பு கிளம்பியதால் அந்த வாசகம் சட்டமாகவில்லை. ஆனால், ஜிம்மர்மேன் காத்திருக்கத் தயாராக இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். வீட்டுக் கடன் தவணை 5 முறை தவறிப்போனது! 1991 ஜூனில் அந்த மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். பெயர், 'பிரெட்டி குட் பிரைவஸி'. சுருக்கமாக, பி.ஜி.பி.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு அமுக்குப் பூட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதே மாதிரி ஆயிரம் பூட்டுகளை ஊர் முழுக்க விநியோகிக்கிறீர்கள். சாவி மட்டும் உங்கள் பாக்கெட்டில். உங்களுக்குக் கடிதம் எழுதுபவர், பெட்டியில் போட்டு, உங்கள் பூட்டை அமுக்கிவிடுவார். அதன்பிறகு அவரே நினைத்தாலும் திறக்க முடியாது! டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1976-ல் வெளியிட்ட இந்த யோசனையை, சாதாரண மனிதனின் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்து சேர்த்தது பி.ஜி.பி.

இன்டர்நெட்டுக்கு ஏது எல்லை? பி.ஜி.பி. நாடு தாண்டிப் பறந்தது. ஜிம்மர்மேனுக்கு வந்தது வினை! அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வலுவான சங்கேத மென்பொருள், வெடிகுண்டு, பீரங்கி வரிசையில் வைக்கப்பட்ட 'ராணுவத் தளவாடம்'. லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி ஆனால் குற்றம். 1993-ல் சுங்க அதிகாரிகள் அவரை விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஜெயிலுக்கே போகவேண்டி வரலாம் என்ற நிலை.

அதே 1993 அக்டோபரில், மாஸ்கோவில் அதிபர் யெல்ட்சின் தன் நாட்டுப் பாராளுமன்றக் கட்டடத்தையே பீரங்கியால் சுட்டுக்கொண்டிருந்த நாளில், லாட்வியாவிலிருந்து முகம் தெரியாத ஒருவர் ஜிம்மர்மேனுக்கு மெயில் அனுப்பினார். ரஷ்யாவில் சர்வாதிகாரம் வந்துவிட்டால்கூட, உங்கள் பி.ஜி.பி. எங்கள் பக்கமெல்லாம் பரவியிருக்கிறது, ஜனநாயகவாதிகளுக்குக் கைகொடுக்கும், நன்றி என்பது அதன் சாரம். ஒருபக்கம் இப்படி ஒரு நன்றி, இன்னொரு பக்கம் குற்ற விசாரணை!

பிறகுதான் அந்தக் குறும்பு அரங்கேறியது. மென்பொருளை ஏற்றுமதி செய்தால்தானே குற்றம்? புத்தகம் அனுப்பினால்? 1995-ல் எம்.ஐ.டி. பதிப்பகம், பி.ஜி.பி.யின் புரோகிராம் வரிகள் மொத்தத்தையும் கொழுத்த புத்தகமாக அச்சடித்து விற்றது. புத்தகத்தைத் தடுத்தால் கருத்துச் சுதந்திரத்தில் கைவைத்த மாதிரி! 1996 ஜனவரியில், வழக்கே தொடராமல் விசாரணையை மூடியது அரசு. 2000-ல் ஏற்றுமதி விதிகளையும் வெகுவாகத் தளர்த்தியது.

சரி, ஜெயித்தாகிவிட்டது. பிறகு எல்லோரும் பூட்டைப் போட்டுக்கொண்டார்களா? அதுதான் இல்லை! பயன்படுத்துவது பெரிய தலைவலி. 2012 டிசம்பரில் எட்வர்ட் ஸ்னோடன், அமெரிக்க உளவு ரகசியங்களை க்ளென் கிரீன்வால்ட் என்ற பத்திரிகையாளரிடம் ஒப்படைக்க விரும்பி, பெயரை மறைத்துக்கொண்டு, முதலில் பி.ஜி.பி. போடுங்கள் என்று மெயில் அனுப்பினார். எப்படிப் போடுவது என்று வீடியோகூடத் தயாரித்து அனுப்பினார். கிரீன்வால்ட் ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தார். வெறுத்துப்போன ஸ்னோடன், பூட்டு வித்தை தெரிந்த லாரா பாய்ட்ரஸ் என்ற ஆவணப்பட இயக்குநரை நாடினார். நூற்றாண்டின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்று, ஒரு மென்பொருளை நிறுவச் சோம்பல்பட்டதால் கைநழுவிப் போகப் பார்த்தது!

ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் கைப்பட வரைந்த ஒரு படம் இருந்தது. 2013 அக்டோபர் 30-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' அதை வெளியிட்டது. நம் கம்ப்யூட்டரிலிருந்து கூகுளின் வாசல்வரை மெயில் பூட்டோடு வருகிறது. வாசலில் பூட்டு கழற்றப்படுகிறது. உள்ளே, கூகுளின் ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கேபிள்களில் பூட்டு இல்லை. பூட்டு கழலும் இடத்தைக் குறித்து, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டிருந்தார் அதை வரைந்த புண்ணியவான்! அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சேர்ந்து, கூகுள், யாஹூ இரண்டின் உட்புறக் கேபிள்களிலும் கைவைத்திருந்தன. கிரஹாம் செய்தது மாஜினி போன்ற சிலரின் கடிதங்களை. இதுவோ, உலகத்துக் கடிதங்களை மொத்தமாக!

ரோஷம் வந்த கம்பெனிகள் உள்ளே ஓடும் கேபிள்களையும் பூட்டின. ஆனால், வெளியே? ஜிமெயிலுக்கும் மற்ற நிறுவனங்களுக்கும் இடையே போகும் மெயில்களில் 40 முதல் 50 சதவீதம் பூட்டில்லாமல் போவதாக 2014 ஜூனில் கூகுளே சொன்னது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு திருகுதாளத்தைக் காட்டியது. இரண்டு சர்வர்கள் பேசத் தொடங்கும்போது, 'எனக்குப் பூட்டத் தெரியும்' என்று ஒன்று அறிவிக்கும். மற்றது, 'சரி, பூட்டுவோம்' என்று சொல்லும். நடுவில் உள்ள ஒரு கருவி அந்த அறிவிப்பை மட்டும் கத்தரித்துவிட்டால்? அடடா, இவருக்குப் பூட்டத் தெரியாது போலிருக்கிறது என்று மெயில் திறந்தபடியே போய்விடும்! துனிசியாவிலிருந்து ஜிமெயிலுக்கு வந்த மெயில்களில் 96 சதவீதம் இப்படித்தான் வந்தன. இந்தக் கத்தரிக்கோலை முறிக்க, பூட்டு இல்லாவிட்டால் அனுப்பவே கூடாது என்று கட்டாயப்படுத்தும் விதிமுறை 2018-ல் வந்தது. ஆனால், எல்லா சர்வர்களும் அதைப் பின்பற்றுவதில்லை.

இன்று பெரிய நிறுவனங்களுக்கு இடையே மெயில் பெரும்பாலும் பூட்டோடுதான் பயணிக்கிறது. ஆனால் அது பஸ்ஸுக்குப் போட்ட பூட்டு, பெட்டிக்கு அல்ல! ஒவ்வொரு சர்வரிலும் கதவு திறக்கும். அங்கே இருப்பவர் படிக்க முடியும், சட்டப்படி கேட்பவருக்குக் கொடுக்கவும் முடியும். பெட்டியையே பூட்ட வேண்டுமானால் இரு பக்கமும் பி.ஜி.பி. மாதிரி ஒன்று வேண்டும். அப்போதும், யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது வெளியே தெரியத்தான் செய்யும்.

அதனால், பாஸ்வேர்டையோ, பாங்க் விவரத்தையோ, உயிருக்கு உயிரான ரகசியத்தையோ மெயிலில் தட்டி 'சென்ட்' அமுக்கும் முன், ஒரு நொடி மாஜினியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் கசகசாவாவது இருந்தது.