சங்கிலியும் முத்திரையும்

நாவல் எழுதுகிறவனுக்கு ஜில்லா மானுவல் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கதாபாத்திரங்கள் நடமாட ஓர் ஊர் வேண்டும். ஊர் என்றால் நிலம் வேண்டும். நிலம் என்றால் அது யாருடையது, அதில் என்ன விளைந்தது, யாருக்கு எவ்வளவு கட்டினார்கள் என்பதெல்லாம் வேண்டும். லெஃபானு என்ற ஆங்கில அதிகாரி 1883-ல் வெளியிட்ட சேலம் ஜில்லா மானுவலை நான் புரட்டத் தொடங்கியது இந்த விவரங்களுக்காகத்தான். கதைக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கிடைத்தது. இன்றைக்கு வீட்டுமனை வாங்குகிறவர்களைப் படுத்துகிற தொல்லைக்கும், இருநூறு வருஷங்களுக்கு முன்பு அதே மண்ணில் நடந்த காரியத்துக்கும் உள்ள உறவு என் கண்ணில் பட்டது.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். மரவள்ளி நிற்கிறது; அடுத்தாற்போல் சோளக்காடு; அதற்கடுத்து ஒன்றும் விளையாத வெற்றுப் பூமி. அதில் வரிசை வரிசையாகச் சாயம் பூசிய கற்கள். முகப்பில் ஒரு வளைவு, அதில் ஒரு சாமியின் பெயரோடு 'நகர்' என்ற எழுத்து. நகரத்தைக் காணோம், கற்கள்தாம் இருக்கின்றன. அந்தக் கற்களை நட அனுமதி கொடுத்தது யார்? கொடுக்க வேண்டியது யார்? இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் 1792-ம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்துப் பகுதியையும் கும்பினியாருக்கு விட்டுக் கொடுத்தார். புதிய பிரதேசத்தை நிர்வாகம் செய்ய ஆள் தேடிய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸுக்குச் சென்னையிலிருந்த சிவில் உத்தியோகஸ்தர்கள்மீது நம்பிக்கை இல்லை. ஜனங்களின் பாஷை அவர்களுக்குத் தெரியாது என்பது அவருடைய குறை. ஆகவே அலெக்ஸாண்டர் ரீட் என்ற காப்டனைப் பொறுக்கி எடுத்தார். அவருக்குத் துணையாக வந்த ராணுவக்காரர்களில் மக்ளியோட் என்பவரிடம் கணவாய்க்குக் கீழே உள்ள தாலகாட் சீமை, அதாவது சேலம், ராசிபுரம், நாமக்கல் சமவெளி ஒப்படைக்கப்பட்டது. இன்னொருவர் தர்மபுரிப் பக்கம் ஏழு வருஷம் இருந்த தாமஸ் மன்றோ. பிற்காலத்தில் சென்னைக் கவர்னராகி, இன்றும் தீவுத்திடலருகே குதிரைமேல் சிலையாக வீற்றிருப்பவர் அவர்தான்.

இந்தச் சிப்பாய்கள் என்ன செய்தார்கள்? சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடந்தார்கள். எது நன்செய், எது புன்செய், எது தோட்டக்கால், எங்கே கிணறு, எங்கே கல்லாங்கரடு என்று அளந்து எழுதினார்கள். இதற்குச் சுமார் ஐந்து வருஷம் பிடித்தது. அளந்து முடிகிற தறுவாயில், 1796 டிசம்பரில், ரீட் ஓர் அறிவிப்புச் செய்தார். ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை இவ்வளவு என்று நிர்ணயமாகிவிட்டது. குடியானவன் தனக்கு வேண்டிய வயலை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம் என்பது அதன் சாரம். சொந்தச் செலவில் கிணறு வெட்டிப் புன்செய்யைத் தோட்டமாக்கினால் அதன் லாபம் அவனுக்கே சேர வேண்டும் என்பதும் ரீடின் கொள்கை. இன்றைய பாஷையில் சொன்னால், நிலத்தின் உபயோகத்தை மாற்ற யார் வீட்டு வாசலிலும் காத்து நிற்க வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு ரீடைத் தர்மாத்மா என்று நினைத்துவிட வேண்டாம். கும்பினிக்குப் பணம் வேண்டியிருந்தது. அவர் போட்ட தீர்வையும் கனமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு விஷயத்தை அவர் கண்டுகொண்டார் என்பது என் அபிப்பிராயம். நிலம் முழுவதையும் நன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்ட சர்க்கார், குடியானவனை ஒவ்வொரு காரியத்துக்கும் கைகட்டி நிற்க வைக்க வேண்டியதில்லை. பார்வை கூர்மையாக இருந்தால் உத்தரவு குறைவாக இருக்கலாம்.

கும்பினியாருக்கு இந்தப் பாடம் நிலைக்கவில்லை. 1802-ல் வங்காளத்து ஜமீன் முறையை இங்கேயும் நட முற்பட்டார்கள். ரீட் அளந்த கணக்கையே ஆதாரமாக வைத்துக்கொண்டு ஜில்லாவை மிட்டா மிட்டாவாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். நிலத்தைப் பார்க்கிற வேலையை மிட்டாதாரிடம் தள்ளிவிட்டு, வருஷா வருஷம் பேஷ்குஷ் வந்தால் போதும் என்று சர்க்கார் உட்கார்ந்துகொண்டது. ஏலத்தொகை தாங்காமல் பல மிட்டாக்கள் நொடித்துப் போயின. பலவற்றைச் சர்க்காரே திரும்ப எடுத்துக்கொண்டது. 1820-ல் மன்றோ கவர்னராக வந்த பிறகு ரயத்துவாரி முறையே மறுபடி ஓங்கியது. மிஞ்சிய மிட்டாக்கள் 1948-ம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு முடிந்தன. சேலம் நகரத்தில் மிட்டாபுதூர் என்ற பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ரயத்துவாரியோடு வந்தவைதாம் நமக்குப் பழக்கமான பட்டா, அடங்கல், ஜமாபந்தி எல்லாம். அடங்கல் என்றால் என்ன? எந்த சர்வே நம்பரில் இந்தப் போகம் என்ன பயிர் நிற்கிறது என்று கிராமத்துக் கணக்குப்பிள்ளை போய்ப் பார்த்து எழுதும் ஏடு. அவர் போய்ப் பார்த்தாரா, திண்ணையில் இருந்தபடியே எழுதினாரா என்பது வேறு கதை! கர்ணம், மணியகாரர் பதவிகளை 1980 நவம்பரில் ஒழித்தபோது அழுதவர்களைவிட மகிழ்ந்தவர்கள்தாம் அதிகம். ஆனால் ஓடை எது, வாய்க்கால் எது, வண்டிப்பாதை எது என்பது அந்த மனிதருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் செய்த அக்கிரமம் அவரோடு போயிற்று. அவருக்குத் தெரிந்திருந்ததும் அவரோடு போயிற்று.

இது வயல் கதை. வீடு கட்டுவதற்கு அனுமதி என்ற கதை பட்டணத்தில் பிறந்தது; ஆகவே சற்றே சென்னைக்குப் போய் வருவோம்.

முதல் உலக யுத்தம் தொடங்கிய சமயம். பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியரைக் கவர்னர் பெண்ட்லண்டு பிரபு சென்னைக்கு அழைத்திருந்தார். நகர அமைப்பைப் பற்றி அவர் ஒரு பெரிய கண்காட்சி தயாரித்துக் கப்பலில் அனுப்பினார். அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமோ? சென்னைமீது குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன்தான்! நண்பர்கள் அவசரம் அவசரமாக வேறு படங்கள் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. கெட்டிஸ் நம் ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்தவர். கொசுவுக்குப் பயந்து ஏரி குளங்களைத் தூர்க்காதீர்கள், மீன் விட்டால் கொசுவை அது பார்த்துக்கொள்ளும், வெள்ளத்தைத் தாங்குவது குளந்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

1920-ல் சென்னை மாகாணத்துக்கு நகர அமைப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்ட காலத்தின் பெரிய வெற்றி என்று எதைச் சொல்கிறோம்? தியாகராய நகர். அது எழுந்தது எதன்மேல்? மாம்பலத்து நீண்ட ஏரியின்மேல். சட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் கெட்டிஸின் புத்திமதியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 1947-ல் ஒரு சட்டம் செய்தார்கள். நிலம் உன்னுடையது, ஆனால் அதில் கட்டடம் எழுப்பும் உரிமை சமூகத்தின் சம்மதத்துக்கு உட்பட்டது என்றார்கள். அந்த எண்ணம் மெல்ல இங்கேயும் வந்து சேர்ந்தது. 1971-ம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் பழைய 1920-ம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. கிராமத்து மனைப்பிரிவானாலும் நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பது பின்பு விதியாயிற்று. சாலை இவ்வளவு அகலம், பெரிய மனைப்பிரிவானால் பத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு என்றெல்லாம் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், யார் மறுக்கிறார்கள்?

ஆனால் நடந்தது வேறு. மனை போட்டவர் பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை ஒன்றை வாங்கிக்கொண்டு, 'பஞ்சாயத்து அங்கீகாரம் பெற்றது' என்று நோட்டீஸ் அடித்தார். பத்திரப் பதிவு ஆபீஸில் முத்திரைத் தீர்வையை வாங்கிக்கொண்டு பதிவு செய்தார்கள். பத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா என்பது வேறு துறையின் வேலை. ஒரு கையால் சர்க்கார் காசு வாங்கிற்று. மறுகையால் இது மனையே அல்ல என்றது.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் நாமக்கல் பக்கம் இப்படி ஐந்து சென்ட் வாங்கி வைத்திருந்தார். பெண் கல்யாணத்துக்கு உதவும் என்ற எண்ணம். ஒரு நாள் என்னிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்டார்:

"ஏனுங்க, பத்திரத்துல சர்க்கார் முத்திரை இருக்குதுங்க. பட்டா எம் பேர்ல இருக்குதுங்க. வருஷம் தவறாம வரி கட்டிப்போட்டு வர்றேனுங்க. அப்புறம் எப்படிங்க இது அங்கீகாரமில்லாத மனை?"

"சட்டப்படி அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயா" என்றேன். அது பதிலே அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அவரைப் போன்றவர்கள் தமிழ்நாடு முழுவதும் திகைத்து நின்ற நாள் ஒன்று உண்டு. ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-ந் தேதி சென்னை ஐகோர்ட் உத்தரவிட்டது. விளைநிலமும் நீர்நிலையும் மனையாகி மறைவதைத் தடுக்க வேண்டும் என்பதே அந்த வழக்கின் நோக்கம். நோக்கத்தில் குற்றம் இல்லை. ஆனால் கதவு சாத்தப்பட்டபோது உள்ளே அகப்பட்டுக்கொண்டவர்களில் மனை போட்டவர் இல்லை. அவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். அகப்பட்டவர் உபாத்தியாயர். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்குள் பதிவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தினால் ஒப்புதல். நீர்வழியில் அமைந்தவற்றுக்குக் கிடையாது. கெடுவை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள்.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி வரை உள்ள மனையில், 3500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டுகிறவர், விவரங்களைத் தாமே உறுதி கூறிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி. சிறிய வீட்டுக்காரரை மாதக்கணக்கில் நடக்க வைக்காத எந்த ஏற்பாட்டையும் நான் வரவேற்கிறேன். ரீட் 1796-ல் குடியானவன்மேல் வைத்த நம்பிக்கைக்கு இது தூரத்து உறவு.

ஆனால் அந்த நம்பிக்கைக்கு முன்னால் ஐந்து வருஷம் சங்கிலி பிடித்து நடந்த நடை இருந்தது. அதை மறந்துவிட்டு நம்பிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதுமா?

சேலத்தில் திருமணிமுத்தாறு என்று ஓர் ஆறு ஓடுகிறது. சேர்வராயன் மலைப்பக்கம் புறப்பட்டு, நகரத்தின் நடுவே வந்து, நாமக்கல் ஜில்லாவைக் கடந்து காவிரியில் சேர்கிறது. வழியில் ஏரிகளையும் வாய்க்கால்களையும் அது ஊட்டி வளர்த்தது. ஏரி தெரியும்படி இருக்கிறது. அதைத் தொட அஞ்சுவார்கள். ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் வருஷத்தில் பத்து மாதம் வறண்ட பள்ளந்தான். மனை போடுகிறவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கும் மண். நிரவிக் கல் நட்டுவிட்டால் அடுத்த பெருமழை வரையில் யாருக்கும் தெரியாது. வீடு கட்டுகிறவர் சுயசான்றில் பொய் சொல்லவில்லை. தம் வீட்டின் அடியில் வாய்க்கால் கிடப்பது அவருக்கே தெரியாதே!

ஆகையால் அனுமதி முறையைச் சீர்திருத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. கிராமத்துக்குக் கிராமம் ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை இவற்றை முதலில் போய்ப் பார்த்துக் கல் நடட்டும். இவை மனையாகா என்று முன்கூட்டியே சொல்லட்டும். பத்திரம் பதிகிற ஆபீஸிலும் திட்டம் போடுகிற ஆபீஸிலும் ஒரே படம் இருக்கட்டும். அந்தப் படம் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில், மனை வாங்க வருகிறவர் விரல் வைத்துப் பார்க்கிற உயரத்தில் தொங்கட்டும். மிச்சமுள்ள பூமியில் ஒருவர் இரண்டு அறை கட்டுகிறாரா, மூன்று அறை கட்டுகிறாரா என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

என் நண்பர் உபாத்தியாயர் கட்டணத்தைச் செலுத்தி மனையை வரன்முறைப்படுத்திக்கொண்டார். அதற்குள் பெண் கல்யாணம் கடன் வாங்கி நடந்து முடிந்துவிட்டது. மனையில் கல் மட்டும் இருக்கிறது, கடனும் இருக்கிறது.