இடமாற்றமும் தகுதியும்: மாத்தளைத் தோட்டப் பிள்ளைகளை முன்வைத்து ஒரு நோக்கு

பாடசாலையொன்றின் சார்பில் ஆடுபவர் அப்பாடசாலையின் மாணவராகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இன்று இயல்பானதாகத் தோன்றுகின்றது. எனினும் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1879இல் கொழும்பு அக்கடமியும் (பின்னைய ரோயல் கல்லூரி) புனித தோமையர் கல்லூரியும் மோதிய முதற் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆசிரியர்களும் மாணவரோடு கலந்து ஆடினர். 1880இல் மாணவர் மட்டுமே ஆடினர். அத்தொடரின் முறையான கணக்கு அவ்வாண்டிலிருந்தே தொடங்குகின்றது. ஆசிரியரை விலக்கியதும் அடுத்த வினா தானே எழுகின்றது: பிறிதொரு பாடசாலையிலிருந்து நேற்று வந்து சேர்ந்தவன் எம்மவனா?

வசதி படைத்த பாடசாலை, சிறிய பாடசாலை வளர்த்தெடுத்த ஆட்டக்காரனைக் கவர்ந்து செல்லலாகாது என்பதே இடமாற்ற விதிகளுக்குக் கூறப்படும் நியாயம். அந்நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் விதி என்பது காரணத்தை உசாவாது செயலை மட்டும் நோக்குமாயின் யாரைத் தாக்கும்? அமெரிக்காவின் இந்தியானா மாநில உச்ச நீதிமன்றம் 1974இல் இவ்வினாவை எதிர்கொண்டது. பெற்றோர் குடிபெயராது மாணவன் மட்டும் பாடசாலை மாறினால் குறித்த காலம் போட்டிகளில் ஆடலாகாது என்பது அங்கிருந்த விதி. தாயைப் பிரிந்து வந்து அண்ணனின் பாதுகாப்பிலே தங்கிப் படித்த மாணவன் ஒருவன் அதனாற் தடுக்கப்பட்டான். விளையாட்டோடு தொடர்பற்ற காரணங்களுக்காக இடம்பெயர்ந்தோரையும் ஒருசேர வளைத்துப் பிடிப்பதால் விதி அளவுமீறி விரிந்துள்ளது என நீதிமன்றம் கண்டது.

இத்தீர்ப்பை ஈண்டு எடுத்துக்காட்டுவது அமெரிக்க மோகத்தினால் அன்று. அண்ணன் வீட்டிலும் மாமன் வீட்டிலும் தங்கிப் படிப்பது மாத்தளைத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பல தலைமுறை வழக்கமாகும். புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியதும் அதே 1880இலே தான். கோப்பியையும் பின்னர் தேயிலையையும் கொண்டு செல்ல வந்த அப்பாதை, அவற்றை விளைவித்தோரின் பிள்ளைகளைப் பாடசாலைக்கு இட்டுச் செல்ல வந்ததன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்கென வகுத்த கல்வி 6 வயதிலிருந்து 10 வயது வரையே. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை புறத்தேயே நின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவையும் அரசின் கைக்கு வந்தன. வந்த பின்னும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடும் பாடசாலைகளே மிகுதி. எல்கடுவைப் பக்கத்துப் பிள்ளையோ இறத்தோட்டைப் பக்கத்துப் பிள்ளையோ மேலே படிக்க விரும்பின், மாத்தளை நகரின் இந்துக் கல்லூரியையோ பாக்கியத்தையோ நாடவேண்டியிருந்தது. விஞ்ஞானப் பிரிவை நாடி மலை கடந்து கண்டிக்குச் சென்றோரும் உளர். இவர்களை எவரும் கவர்ந்து செல்லவில்லை. படிக்க வகுப்பில்லாமையே அவர்களைப் பெயர்த்தது.

விளையாட்டு விதியின் அதே தருக்கம் பல்கலைக்கழக அனுமதியிலும் புகுந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. தரப்படுத்தலினால் யாழ்ப்பாணத் தமிழிளைஞர் அடைந்த இழப்புப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது, அது நியாயமே. மலையகத்தில் அத்திட்டம் இயங்கிய விதம் அத்துணை பேசப்படவில்லை. ஒதுக்கீட்டின் அளவுகோல் மாவட்டத்தின் மொத்த மக்கட்டொகை. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் தோட்டத் தொழிலாளர் தலைகளும் அதில் எண்ணப்பட்டன. உயர்தர வகுப்பையே எட்டாத மக்களின் எண்ணிக்கையால் பெருகிய இடங்களைப் பிறர் நிரப்பினர். அணியில் இடமில்லாதவர்களைக் கூட்டத்தின் தொகைக்கு மட்டும் சேர்த்துக்கொண்டமை போன்றது அது.

ஒதுக்கீடு வந்ததும் இடமாற்ற விதியும் உடன் வந்தது. பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையிற் கற்றாரோ அம்மாவட்டத்தவராகவே மாணவர் கொள்ளப்படுவர். அவ்வாறு கல்லாதோரின் நிலையான வதிவிடம் நோக்கப்படும். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டங்களுக்கு வடக்கிலிருந்து வந்து பரீட்சை எழுதுவோரைப் பற்றி மலையகத்தார் எழுப்பும் முறைப்பாட்டை நோக்குமிடத்து, இத்தகைய விதி தேவையென்றே கூறவேண்டும். அதனை நீக்கக் கோருவது என் கருத்தன்று. வரவேண்டிய கட்டாயம் இன்றி வந்தவனையும், போகாமல் இருக்க வழியின்றிப் போனவனையும் அது வேறுபடுத்திக் காணவில்லை என்பதே குறை.

சாதாரண தரத்தை மாத்தளையில் முடித்து உயர்தரத்துக்குக் கண்டி சென்ற தோட்டப் பிள்ளையை எண்ணுக. மூன்றாண்டுகள் ஒரே மாவட்டத்தில் நிறைவதில்லை. ஆகவே வதிவிடத்தை நிறுவவேண்டும். வதிவிடத்துக்கு வாக்காளர் இடாப்பு போன்ற சான்றுகள் வேண்டும். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்த மக்கள் இவர்கள். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. லயத்துக் காம்பராவுக்கோ காணி உறுதி கிடையாது. அது தோட்டத்தின் சொத்து. நான்கு தலைமுறையாக அதே மலையில் கொழுந்து பறித்தோரின் பேரப்பிள்ளை, தான் மாத்தளையைச் சேர்ந்தவள் என்பதற்கு எழுத்து மூலமான சான்று தேடி கிராம அலுவலரின் வாசலில் நிற்கின்றாள்.