பாட்டிலில் 'விஎஸ்ஓபி' என்று இருந்தாலே பிரெஞ்சு பிராந்தியா? வாங்கும் முன் லேபிளில் பார்க்க வேண்டியது என்ன?

வாழப்பாடி டாஸ்மாக்கில் வாங்கும் குவாட்டரிலும் 'விஎஸ்ஓபி' என்று போட்டிருக்கலாம். சிங்கப்பூரில் இருந்து மச்சான் கொண்டு வந்த பாட்டிலிலும் அதே நான்கு எழுத்து. அப்போ ரெண்டும் ஒன்னா? இல்லை. உள்ளே இருப்பது வேற சரக்கு.

கரும்பா, திராட்சையா?

நம்மூர் பிராந்தி பெரும்பாலும் கரும்பில் இருந்து வருகிறது. மோகனூர் போன்ற இடங்களில் உள்ள சர்க்கரை ஆலைகளில் கரும்பு அரைத்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் கிடைப்பது எரிசாராயம். 'இந்தியன் பிராந்தி' என்று விற்க, அதில் திராட்சை பிராந்தி குறைந்தது 2 சதவீதம் கலந்தால் போதும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதி. மீதி எரிசாராயமாக இருக்கலாம்.

பிரான்ஸின் 'கோன்யாக்' அப்படியில்லை. (எழுத்துக்கூட்டிப் படித்து 'காக்னாக்' என்பவர்களும் உண்டு.) கோன்யாக் ஊரைச் சுற்றியுள்ள பகுதியில் விளைந்த திராட்சையின் ஒயினை செம்புப் பாத்திரத்தில் இரண்டு முறை காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு வைக்க வேண்டும்.

அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

கோன்யாக்கில் விஎஸ் என்றால், கலவையில் இருக்கும் மிக இளைய சரக்குக்கே 2 வயது. விஎஸ்ஓபி 4, நெப்போலியன் 6, எக்ஸ்ஓ 10 ஆண்டுகள். எக்ஸ்ஓவுக்கு 2018 வரை 6 ஆண்டு போதும் என்று இருந்தது.

ஏமாறும் இடம் இதுதான்: லேபிளில் 'கோன்யாக்' என்ற சொல் இல்லாமல், வெறும் 'பிரெஞ்ச் பிராந்தி விஎஸ்ஓபி' என்று இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால் முதலில் ஊர் பெயரைத் தேடுங்கள், எழுத்தை அப்புறம் பார்க்கலாம்.

எதை எடுக்கலாம்?

முதல் முறை என்றால் விஎஸ்ஓபி போதும். எக்ஸ்ஓவுக்குக் கொட்டும் காசு, கோலா ஊற்றிக் குடிப்பவருக்கு வீண். இன்னும் அழுத்தமான ருசி வேண்டுமென்றால் தென்மேற்கு பிரான்ஸின் அர்மன்யாக். பெரும்பாலும் ஒரே முறைதான் காய்ச்சுவார்கள். ஆப்பிளில் செய்வது கால்வடோஸ்.

லிக்கர் என்பது சர்க்கரை சேர்த்த இனிப்பு வகை. க்வான்ட்ரோ, கிராண்ட் மார்னியே இரண்டும் ஆரஞ்சு வாசம். இனிக்கிறதே என்று மடமடவெனக் குடித்தால் சிக்கல். இரண்டிலும் ஆல்கஹால் 40 சதவீதம். துறவிகள் மூலிகைகளில் தயாரிக்கும் பச்சை ஷார்ட்ரூஸில் 55.

விலை, விதி

இறக்குமதி மதுவுக்கு 150 சதவீத சுங்க வரி இருந்து வந்ததால்தான் எலைட் கடைகளில் விலை தலை சுற்றுகிறது. விமானத்தில் வருபவர் வரியின்றிக் கொண்டுவரலாம் என்பது 2 லிட்டர். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

'டியூட்டி ஃப்ரீ சரக்கு, பாதி விலை' என்று பில் இல்லாமல் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். காலி பாட்டிலில் எதையும் நிரப்பலாம். வாழப்பாடியில் இருந்து அதே நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் அங்கே மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனாலை வாசத்தையோ நிறத்தையோ வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சளிக்கு பிராந்தி நல்லதா?

இல்லை. பிரெஞ்சோ, குவாட்டரோ, மருந்து கிடையாது. தோலுக்குக் கீழே ரத்தக்குழாய் விரிவதால் சூடு ஏறிய மாதிரி இருக்கும், உண்மையில் உடம்பு சூட்டை இழக்கும். குழந்தைக்கு ஒரு சொட்டு, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி என்று கொடுப்பது ஆபத்து. எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது.

வைத்திருந்தால் பழசாகுமா?

ஒயின் போல படுக்க வைக்காதீர்கள், கார்க் கெட்டுவிடும். நிமிர்த்தி, வெயில் படாமல் வையுங்கள். பீப்பாயை விட்டு வந்ததும் வயது ஏறுவது நின்றுவிடும். மகள் கல்யாணத்துக்கு என்று பீரோவில் 20 வருஷம் பூட்டி வைத்த விஎஸ்ஓபி, அன்றைக்கும் விஎஸ்ஓபிதான்.