மேய்ன் மாநிலத்தின் மடிக்கணினித் திட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ள மேய்ன், காடுகளும் மீன்பிடியும் காகித ஆலைகளும் கொண்டதொரு மாநிலமாகும். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆலைகள் நலிவுறத் தொடங்கியமையால், அவற்றை நம்பியிருந்த ஊர்களின் இளந்தலைமுறையினரது எதிர்காலம் கேள்விக்குரியதாயிற்று. அந்நாட்டுப் பொதுப் பாடசாலைகள் உள்ளூர்ச் சொத்துவரியிற் பெரிதுந் தங்கியிருப்பன. ஆதலின், வளமிக்க ஊரின் மாணவனுக்கு வாய்த்த கணினி வறிய ஊரின் மாணவனுக்கு எளிதில் வாய்க்கவில்லை.

2000ஆம் ஆண்டில் மாநிலத் திறைசேரியில் ஏறத்தாழ 70 மில்லியன் டொலர் எதிர்பாராது மிஞ்சியது. அதில் ஒரு பகுதியை நிலையான நிதியமாக்கி, ஏழாந் தரத்து மாணவர் ஒவ்வொருவருக்கும் மடிக்கணினி வழங்கலாம் என ஆளுநர் அங்கஸ் கிங் முன்மொழிந்தார். கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்துவதாற் பயனில்லை, ஆளுக்கொன்று வேண்டும் என்ற இக்கருத்தை அவருள் விதைத்தவர், அம்மாநிலத்திலே குடியேறியிருந்த கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட் ஆவார். ஆயின் மக்களிடையே எழுந்தது எதிர்ப்பே. பழுதுற்ற கட்டடங்களைத் திருத்தாது பன்னிரண்டு வயதுச் சிறுவர்க்கு விலையுயர்ந்த பொறியைக் கொடுப்பதா எனப் பலர் வினவினர். வினா நியாயமானதே. எக்கட்சியையுஞ் சாராத ஆளுநருக்குச் சட்டசபையில் உறுதியான துணையும் இருக்கவில்லை.

சட்டசபை இத்திட்டத்தை ஆராயுமாறு ஒரு செயற்குழுவிடம் ஒப்படைத்தது. 2001 சனவரியில் வெளியான அக்குழுவின் அறிக்கையே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். மடிக்கணினி மாணவனுக்குரிய பரிசாகவன்றிப் பாடசாலையின் உடைமையாக இருத்தல் வேண்டும் என்றும், ஆசிரியர்க்கும் அது வழங்கப்பட்டு உரிய பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்றும் குழு விதந்துரைத்தது. அன்பளிப்பாகத் தோன்றிய எண்ணம் கல்வித் திட்டமாக உருப்பெற்றது இங்கேதான். ஆளுநரின் பெயரோடு மட்டும் இச்சாதனையை இணைத்துப் பேசுவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

2001இன் இறுதியில் 37.2 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தம் அப்பிள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2002இன் முற்பகுதியில் ஒன்பது பாடசாலைகளில் முன்னோடியாகத் தொடங்கிய திட்டம், அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் 17,000க்கு மேற்பட்ட ஏழாந் தர மாணவரைச் சென்றடைந்தது. அடுத்த ஆண்டில் எட்டாந் தரமும் சேர்ந்தது. 2003 சனவரியிற் கிங் பதவியை விட்டு நீங்கிய பின்னரும் திட்டம் நிலைத்தது. எட்டாந் தரத்தில் எழுத்துத் திறனில் உரிய மட்டத்தை எய்தியோர் 2000இல் நூற்றுக்கு 29 பேராகவும் 2005இல் 41 பேராகவும் இருந்தனர். இவ்வுயர்வு முழுவதையும் கணினிக்கே உரியதாக்குதல் மிகையாகும்.

2009இல் திட்டம் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு விரிக்கப்பட்டபோது, சேர்வதா இல்லையா என்ற முடிவு உள்ளூர்க் கல்வி மாவட்டங்களிடம் விடப்பட்டது. சில சேர்ந்தன, சில ஒதுங்கி நின்றன. எந்த ஏற்றத்தாழ்வைக் களைதற்பொருட்டுத் திட்டம் தோன்றியதோ, அது மேல்வகுப்புகளில் மீண்டும் இடம்பெற்றது. 2013இல் எப்பொறியைப் பெறுவதென்ற தெரிவும் மாவட்டங்களிடம் சென்றமையால், மாநிலமெங்கும் ஒரே வகைக் கணினி என்ற நிலையும் முடிவுற்றது.